முதல் ஸ்தானம் யாருக்கு?

அமெரிக்க நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்து வரலாற்றில், பிரமிப்பூட்டும் எண்கள் ஒருசேரக் குவிந்த பருவம் என்று 1961-62ஆம் ஆண்டைக் கூறலாம். பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் ஆட்டத்துக்கு 25.7 என்ற கணக்கை எட்டினார். 1962 மார்ச் 2ஆம் தேதி, பென்ஸில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி என்னும் சிற்றூரில், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தார். அதே பருவத்தில் சின்சினாட்டி ராயல்ஸ் அணியின் ஆஸ்கர் ராபர்ட்ஸன், புள்ளிகளில் 30.8, ரீபவுண்டில் 12.5, சக ஆட்டக்காரர் கூடையிடும்படி பந்தை வழங்கும் அசிஸ்டில் 11.4 என மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரியைப் பெற்றார். எனினும், பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது இவ்விருவருக்கும் கிட்டவில்லை. அது, ஆட்டத்துக்கு 18.9 புள்ளிகளே எடுத்த பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸலுக்குச் சென்றது. அக்காலத்தில் அந்த விருதுக்குரியவரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆட்டக்காரர்களே என்பது இங்கே மிகவும் கவனிக்கத்தக்கது.

எதிரே நின்று மோதியவர்களின் அனுபவம் ஒன்றைச் சொல்ல, ஏட்டில் எழுதப்பட்ட எண் வேறொன்றைச் சொல்லுமானால், எதை நம்புவது? எண்களை அறவே தள்ளிவிட்டு ரசிகர்களின் அபிப்பிராயத்துக்கு விஷயத்தை விட்டுவிடுவது எளிது. எண்களையே வேதவாக்காகக் கொண்டு அனுபவத்தைப் பொய்யென்று ஒதுக்குவதும் அதே அளவு எளிது. ஆனால் புள்ளிவிவர இயல் இவ்விரண்டையும் செய்வதில்லை. ஓர் எண்ணைக் கண்டவுடன் அது எதை எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது, எந்தச் சூழ்நிலையில் எண்ணியது என்று விசாரணை செய்வதே அந்தச் சாஸ்திரத்தின் முதற்கடமை. சென்ற அறுபது ஆண்டுகளில் அந்த விசாரணை படிப்படியாக ஆழமாகிச் சென்ற வரலாறு, விளையாட்டில் ஆர்வமில்லாதவர்க்கும் ஆராயும் முறையைக் கற்பிக்க வல்லது.

முதற்கேள்வி, சந்தர்ப்பங்களின் எண்ணிக்கையைப் பற்றியது. ஒருவர் எத்தனை புள்ளிகள் எடுத்தார் என்று கேட்பதற்கு முன், அவருக்கு எத்தனை வாய்ப்புகள் கிடைத்தன என்று கேட்க வேண்டும். என்.பி.ஏ. எனப்படும் இந்தத் தொழில்முறைப் போட்டிகளில் 1954-55ஆம் ஆண்டுக்கு முன், பந்தை வைத்திருக்கும் அணி அதை எறியாமலே எவ்வளவு நேரமும் காலங்கடத்தலாம் என்ற நிலை இருந்தது. அதன் விளைவாக 1950ஆம் ஆண்டில் ஓர் ஆட்டம் 19-18 என்ற கணக்கில் முடிந்து ரசிகர்களைச் சலிப்பில் ஆழ்த்தியது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளரான டானி பையஸோன், சுவையான ஆட்டங்களில் இரு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை பந்தை எறிகின்றன என்று கண்டு, 48 நிமிஷ ஆட்டத்தின் 2,880 விநாடிகளை 120ஆல் வகுத்து, 24 விநாடிகளுக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற விதிக்கு வழி வகுத்தார். அதன் பின் ஆட்டத்தின் வேகம் ஏறிக்கொண்டே போய், 1961-62ஆம் ஆண்டில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 107 முறைக்கு மேல் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தது. இக்காலத்தில் அந்த எண்ணிக்கை 90க்குச் சற்றுக் குறைவு.

எறிதல்கள் மிகுந்து, அவற்றுள் தவறுபவையும் மிகுந்திருந்த அக்காலத்தில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 71 ரீபவுண்டுகள் கிடைத்தன. இன்று கிடைப்பவை சுமார் 44. அந்த விகிதப்படி சேம்பர்லினின் 25.7ஐச் சுருக்கினால் அது ஏறத்தாழ 16 ஆகிறது, ராபர்ட்ஸனின் 12.5 எட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே, 2016-17ஆம் ஆண்டில் ரஸல் வெஸ்ட்புரூக் 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட் என்று ராபர்ட்ஸனின் சாதனையை மீண்டும் நிகழ்த்தியபோது, ஒரே வகையான இவ்விரு சாதனைகளும் ஒரே அளவின என்று கொள்வது பொருந்தாது. மேலும், மேலதிக நேர ஆட்டங்களும் சேர்ந்ததால் சேம்பர்லின் அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 48.5 நிமிஷங்கள் களத்தில் இருந்தார், அதாவது ஓய்வென்பதையே ஏறக்குறைய அறியாமல் ஆடினார். அவருடைய தேகபலத்துக்கு இது அழியாத சான்று. ஆனால் திறமையைத் தனியே பிரித்தறிய விரும்புகிறவர், ஓர் அணியின் கைக்குப் பந்து வரும் ஒவ்வொரு முறையையும் ஓர் அலகாகக் கொண்டு, நூறு அலகுகளுக்கு எவ்வளவு என்றே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, வாய்ப்பைப் பயன்படுத்திய விதத்தைப் பற்றியது. தவறிய எறிதல் வெறும் பூஜ்யமன்று. எதிரணியிடம் பந்து செல்ல வழி செய்யும் நஷ்டம். அருகிலிருந்து எறியும் இரண்டு புள்ளி எறிதலில் நூற்றுக்கு ஐம்பது வெற்றி பெறுபவரும், தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலில் மூன்றுக்கு ஒன்று வெற்றி பெறுபவரும் அணிக்குச் செய்யும் உதவி சமமே. 2015-16ஆம் ஆண்டில் ஸ்டீபன் கரி 886 மூன்று புள்ளி எறிதல்களில் 402ஐக் கூடையில் சேர்த்தார். விழுக்காடாக அது 45. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த விழுக்காடு, இரண்டு புள்ளி எறிதலில் நூற்றுக்கு 68 வெற்றி பெறுவதற்கு ஒப்பானது என்று கணக்கிட்டுப் பார்க்கும்போதுதான் அதன் அபாரத் தன்மை விளங்குகிறது. டீன் ஆலிவர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், வெற்றியை நிர்ணயிக்கும் காரணங்களை நான்காகப் பகுத்து, எறிதலின் திறனுக்கு 40, பந்தை இழக்காமைக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ப்ரீ த்ரோ எனப்படும் தடையற்ற எறிதலைப் பெறுவதற்கு 15 என்று விழுக்காட்டில் மதிப்பிட்டது, இந்தத் துறைக்கு உறுதியான அஸ்திவாரம் இட்டது.

மூன்றாவதாக, ஒருவரை அவர் வாழ்ந்த காலத்தோடு ஒப்பிட வேண்டும். 1961-62ஆம் ஆண்டில் எறிதல்களில் வெற்றி பெற்றவை பொதுவாக நூற்றுக்கு 43க்கும் குறைவு, சேம்பர்லினோ 50.6 பெற்றார். இன்று பொதுச் சராசரியே 47ஐ ஒட்டி நிற்பதால், அவரது எண்ணை அப்படியே இன்றைய எண்களோடு வைத்துப் பார்ப்பது அவருக்கு அநியாயம் செய்வதாகும். வேகக் கணக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியை இந்தக் கணக்கு அவருக்கே திருப்பி அளிக்கிறது. ஆகையால் அறிஞர்கள், சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை, அக்காலத்து ஆட்டக்காரர்களிடையே பொதுவாகக் காணப்பட்ட ஏற்றத்தாழ்வாகிய திட்ட விலக்கத்தால் வகுத்துப் பார்க்கின்றனர். இதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. 1950ஆம் ஆண்டுவரை கறுப்பினத்தவர்க்கு இடமே அளிக்காதிருந்த போட்டி அது. 1961-62இல் மொத்தம் ஒன்பது அணிகளே இருந்தன. இன்றோ முப்பது அணிகளில் செர்பியா, கிரீஸ், ஸ்லோவேனியா, கேமரூன் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் ஆடுகின்றனர். பொதுத் தரம் உயர்ந்து சமமாகும்போது ஒருவர் மற்றவர்களிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பது கடினமாகிறது. எனவே, பழங்காலத்தவர் அதிகம் விலகி நின்றதற்கு அவர்களுடைய உயரம் மட்டுமன்றி, சுற்றியிருந்தோரின் தாழ்வும் காரணமாக இருக்கக்கூடும்.

இனி, எண்ணப்படாமலே போனவற்றைக் கருதுவோம். எதிரி எறியும் பந்தைத் தடுத்து வீழ்த்துவதையும், அவர் கையிலிருந்து பந்தைப் பறிப்பதையும் என்.பி.ஏ. முறைப்படி குறிக்கத் தொடங்கியது 1973-74ஆம் ஆண்டில்தான். ஒருவர் எத்தனை முறை பந்தை இழந்தார் என்பதைத் தனித்தனியே குறித்தது 1977-78 முதல். ரஸல் ஓய்வு பெற்றதோ 1969இல். எதிரியின் எறிதலை அந்தரத்தில் மறித்து, அதையும் களத்துக்கு வெளியே தள்ளிவிடாமல் தம் அணியினர் கைக்கு வருமாறு தட்டி, எதிரணியினர் கூடையை அணுகவே தயங்கும்படி செய்ததுதான் அவருடைய வாழ்நாள் வித்தை. அந்த வித்தையில் ஒரு துளியேனும் அதிகாரபூர்வமான ஏட்டில் பதியவில்லை. 1962இல் வாக்களித்த ஆட்டக்காரர்கள் எண்களுக்கு விரோதமாகத் தீர்ப்பளிக்கவில்லை. எண்கள் காணாததைத் தங்கள் கண்ணால் கண்டு தீர்ப்பளித்தார்கள். ஏட்டில் இல்லாத காரணத்தால் ஒரு காரியம் நிகழவே இல்லை என்று கொள்வது, கணிதத்தின் பெயரால் செய்யப்படும் பிழைகளில் மிகப் பெரியது.

இப்படி எண்ண முடியாத உதவிகளையும் கணக்கில் கொண்டுவர ஒரு யுக்தி பிறந்தது. பலர் கூடித் தேர்வடம் பிடித்து இழுக்கையில் ஒவ்வொருவருடைய பலமும் எவ்வளவு என்று எவ்வாறு அறிவது? அவர்களுடைய தசைகளை அளக்க வேண்டியதில்லை. ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தி, ஒவ்வொரு முறையும் தேர் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று குறித்துவந்தால் போதும். களத்தில் எப்போதும் பத்துப் பேர் இருக்கின்றனர். ஆட்டத்தினிடையே அவர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றனர். இன்னின்ன பத்துப் பேர் களத்திலிருந்த நேரத்தில் எந்த அணி எத்தனை புள்ளி முந்தியது என்பதை ஒரு சமன்பாடாக எழுதினால், ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான சமன்பாடுகள் சேரும்; அவற்றை ஒருங்கே தீர்த்தால், சக ஆட்டக்காரர்களின் தரத்தையும் எதிரிகளின் தரத்தையும் நீக்கிய பிறகு ஒருவருக்கே உரிய மதிப்பு கிடைக்கும். பொருளாதார அறிஞரான டான் ரோஸன்பாம் 2004ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி எழுதினார். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் ஆடிய ஷேன் பேட்டியர், ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிகூட எடுக்காதவராயினும், அவர் களத்திலிருக்கும்போது தம் அணி மேம்படுகிறது, எதிரணியின் சிறந்த ஆட்டக்காரர் தடுமாறுகிறார் என்று புலப்பட்டதும் இத்தகைய கணக்கினால்தான்.

ஆயினும் இம்முறைக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. எப்போதும் இணைந்தே களமிறங்கும் இருவரில் எவருடைய பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்குச் சமன்பாடுகளிடம் ஆதாரம் இல்லை. அந்த நிலையில் ஒருவருக்கு அளவுகடந்த புகழும் மற்றவருக்கு அளவுகடந்த இகழும் விடையாக வந்து நிற்கும். வலுவான சான்று கிடைக்கும்வரை ஒவ்வொருவரையும் சராசரியானவராகவே கருதி, சான்று பெருகப் பெருக அந்த நிலையிலிருந்து விலக அனுமதிக்கும் திருத்தத்தை ஜோ ஸில் 2010ஆம் ஆண்டில் இங்கே பிரயோகித்தார். அத்துடன், விடை சரியா என்று சோதிக்க, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த ஆட்டங்களின் முடிவை அது முன்கூட்டிச் சொல்ல வல்லதா என்று பார்த்தார். அறியாததை அறிந்ததாகப் பாவிக்காத இந்த அடக்கமே விஞ்ஞானத்தின் அழகு. ஆனால் ஆட்டத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் வரிசையாகக் குறித்த பதிவுகள் 1996-97ஆம் ஆண்டிலிருந்தே ஒழுங்காகக் கிடைக்கின்றன. மைக்கேல் ஜார்டனின் புகழ் வாய்ந்த ஆண்டுகளில் பெரும்பகுதியும், ரஸலின் காலம் முழுவதும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே எண்ணில் திரட்டித் தர முயன்ற குறியீடுகளும் உள. ஜான் ஹோலிங்கர் அமைத்த திறன் மதிப்பீடு, சராசரி ஆட்டக்காரருக்கு 15 என்று வைத்து மற்றவர்களை அளக்கிறது. அணி பெற்ற வெற்றிகளை ஆட்டக்காரர்களுக்குப் பங்கிட்டுத் தரும் முறை ஒன்று, பேஸ்பால் ஆட்டத்துக்காகப் பில் ஜேம்ஸ் வகுத்ததைத் தழுவி எழுந்தது. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் 2014ஆம் ஆண்டுத் தேர்வில் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்ட நிகோலா யோகிச், வேகமும் பாய்ச்சலும் இல்லாதவர் என்று கண்கள் அலட்சியம் செய்தவர். இத்தகைய குறியீடுகள் அவரை உயரத்தில் வைத்துக் காட்டின. மூன்று முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவரை அடைந்தது. ஆனால் எந்தக் குறியீடும், அதனை அமைத்தவர் எதற்கு எவ்வளவு எடை அளித்தார் என்பதைத் தன்னுள் மறைத்தே வைத்திருக்கிறது.

அந்த எடைகளுள் தலையாயது, உச்சத்துக்கு எவ்வளவு, நீடிப்புக்கு எவ்வளவு என்பது. ஜார்டன் 1998இல் இரண்டாம் முறை ஓய்வு பெற்றபோது அவருடைய சராசரி 31.5 புள்ளிகள். 2001இல் மீண்டும் களமிறங்கி, நாற்பது வயதுவரை வாஷிங்டன் விஸர்ட்ஸ் அணியில் இரண்டு பருவங்கள் ஆடி 3,015 புள்ளிகள் எடுத்தார். அதன் விளைவு யாது? மொத்தம் 32,292 ஆக உயர்ந்தது; சராசரியோ 30.12 ஆகச் சரிந்து, சேம்பர்லினின் 30.07ஐ மயிரிழையில் முந்தி நின்றது. சராசரியை அளவுகோலாகக் கொண்டால் அந்த இரண்டு ஆண்டுகளால் அவர் சிறியவரானார். கூட்டுத் தொகையைக் கொண்டால் பெரியவரானார். மனிதர் ஒருவரே, செய்த காரியமும் ஒன்றே. மாறியது நம்முடைய கேள்வி. இருபது பருவங்கள் ஆடிக் கரீம் அப்துல் ஜப்பார் சேர்த்த 38,387 புள்ளிகளை 2023 பிப்ரவரி 7ஆம் தேதி லெப்ரான் ஜேம்ஸ் கடந்ததும், அடுத்த ஆண்டு மார்ச்சில் 40,000ஐ எட்டியதும், நீடித்த உழைப்பின் மகத்துவத்தைக் காட்டுகின்றன. ஜார்டன் பத்து முறை புள்ளிகளில் முதலிடம் பெற்றதும், 1987-88ஆம் ஆண்டில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதையும் ஒருங்கே வென்றதும் உச்சத்தின் மகத்துவத்தைக் காட்டுகின்றன.

சாம்பியன் பட்டங்களை எண்ணினால் போதாதா என்று கேட்பவர் உண்டு. பட்டத்தை மட்டும் எண்ணினால், ஏழு பட்டங்களில் பங்கு கொண்ட ராபர்ட் ஹாரி, ஆறு பட்டங்கள் பெற்ற ஜார்டனுக்கு மேலே அமர்வார். அதை ஹாரியே ஒப்பமாட்டார். தற்செயலின் பங்கையும் மறக்கலாகாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கு 60 வெற்றி வாய்ப்புள்ள அணி, நான்கு வெற்றிகளை முதலில் பெற வேண்டிய ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 71 விழுக்காடே. அதாவது பத்தில் ஏறத்தாழ மூன்று முறை மேலான அணியே தோற்கும். ஆனால் ரஸலின் பாஸ்டன் அணி பதின்மூன்று பருவங்களில் பதினோரு பட்டங்கள் வென்றதைத் தற்செயல் விளக்க முடியாது. ஆண்டுதோறும் பட்டம் வெல்லச் சரிபாதி வாய்ப்பு உள்ள மிக வலிய அணி என்றே வைத்துக்கொண்டாலும், பதினொன்றோ அதற்கு மேலோ கிட்டும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. அந்த வெற்றியில் பயிற்சியாளர் ரெட் அவர்பாக்கின் மதிநுட்பமும் ஸாம் ஜோன்ஸ் போன்ற தோழர்களின் திறமையும் கலந்திருப்பினும், 1966 முதல் தாமே பயிற்சியாளராகவும் இருந்து ரஸல் 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உச்சம், நீடிப்பு, வெற்றி ஆகிய மூன்று அளவுகோல்களையும் கூட்டிப் பார்த்து ஒரே வரிசையை அமைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் க, ச, ட என மூவர் இருப்பதாகக் கொள்வோம். முதல் அளவுகோல் க, ச, ட என்று வரிசைப்படுத்துகிறது. இரண்டாவது ச, ட, க என்றும், மூன்றாவது ட, க, ச என்றும் வரிசைப்படுத்துகின்றன. பெரும்பான்மைப்படி க சவை வெல்கிறார், ச டவை வெல்கிறார், ட கவை வெல்கிறார். முதல்வர் என்று எவரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்ஸே வெளிப்படுத்திய முரண் இது. ஆகவே மூன்றையும் சேர்ப்பதற்கு எடைகளை வகுத்தே தீர வேண்டும். அந்த எடைகளை எந்தக் கணிதமும் தருவதில்லை. நாம் எதை மேன்மை என்று மதிக்கிறோம் என்பதிலிருந்தே அவை பிறக்கின்றன.

இதனால் கணிதத்துக்குப் பிரயோஜனமில்லை என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. ஜார்டன், ஜேம்ஸ், அப்துல் ஜப்பார், ரஸல், சேம்பர்லின் முதலிய சிலர் ஏனைய ஆயிரக்கணக்கானவர்களிலிருந்து பிரிந்து ஒரு தனி வகுப்பாக நிற்கின்றனர் என்பதை, எந்த நியாயமான அளவுகோலைப் பிடித்தாலும் கணிதம் ஐயமின்றி நிலைநாட்டுகிறது. அந்த வகுப்புக்குள் யார் முதல், யார் இரண்டு என்பதிலோ, குறியீடுகளுக்கிடையேயுள்ள சிறு வித்தியாசம் அளவையின் பிழையைவிடப் பெரிதன்று. அங்கே வகுப்பைச் சொல்வது அறிவு, வரிசையைச் சொல்வது துணிச்சல். உச்சத்தையே கேட்பீராயின் ஜார்டன் என்பேன். ஒரு வாழ்நாளில் செய்து முடித்த பணியின் மொத்தத்தைக் கேட்பீராயின் ஜேம்ஸ் என்பேன். தம் சூழலிலிருந்த அணியை எவர் மிக உயர்த்தினார் என்று கேட்பீராயின், ஏடு பாதியே எழுதப்பட்ட ரஸலின் பெயரைத் தயக்கமின்றிச் சொல்வேன். மூன்று விடைகளும் முரண்பட்டவையல்ல. மூன்று வேறு கேள்விகளின் விடைகள். வரிசைப் பட்டியல் ஒன்றை எவரேனும் நீட்டும்போது, அதில் யார் முதலில் இருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், வாய்ப்புகளால் வகுத்தாரா, காலத்தோடு ஒப்பிட்டாரா, எண்ணப்படாதவற்றுக்கு இடம் விட்டாரா, எடைகளை வெளிப்படையாகச் சொன்னாரா என்று கேட்டுப் பழகுவோமானால், ஆட்டக்காரர்களை மட்டுமன்றி, எண்களைக் காட்டி நம்மை வரிசைப்படுத்த வருகிற எதனையும் நாம் அஞ்சாமல் சீர்தூக்கிப் பார்க்க முடியும்.